கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

கல்யாணமான இரண்டாவது வருஷம் எனக்குத் தலைவலி தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதற்கு மண்டையிடி என்று பேர். காலையில் எழும்போதே இடது காதுக்குப் பின்னால் லேசாக ஆரம்பிக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள் கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற நேரம் நெருங்க நெருங்கக் கூடும். அந்தச் சம்பந்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. வெயில் என்று நினைத்தேன். சங்ககிரியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறந்தது திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கடலையும் ஆமணக்கும் போடுகிற குடும்பத்தில். நாமக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போன முதல் பெண் எங்கள் உறவில் நான்தான். அந்தப் பெருமையோடுதான் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பொறுப்பில் இருந்தார். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். வடக்கே போய் இருபது நாள் கழித்துத் திரும்பிய டிரைவர் யாராவது ஆபீசுக்குள் வந்து கத்தினால்கூட, "உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் சொல்வார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொன்னது. என் அம்மாவும் சொன்னாள்.

அவர் என்னை அடிக்கும்போதும் குரலை உயர்த்தியதில்லை. கதவைச் சாத்துவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். முகத்தில் கை வைக்க மாட்டார், நான் வெளியே நாலு பேர் முன்னால் நிற்கிறவள் என்பதால். முடியைச் சேர்த்துப் பிடித்து நிலைப்படியில் ஒரு தரம், சில நாள் இரண்டு தரம். முடிக்குள் இருக்கிற வீக்கம் யார் கண்ணுக்கும் படாது. பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "சோத்தப் போடு" என்பார். காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. பஸ் தாமதமாக வந்திருக்கும். பள்ளியில் டிராயிங் வாத்தியாரிடம் நான் சாக்பீஸ் கேட்டதை யாராவது சொல்லியிருப்பார்கள். ரசம் ஆறியிருக்கும்.

மூன்றாம் வருஷம் ஒரு குழந்தை நாலாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. தெருக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன், நர்ஸிடம் சொன்னேன், பார்க்க வந்த சொந்தம், ஒறம்பரை எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, அந்தப் பாசி பிடித்த கல்லும் என் கால் சறுக்கிய விதமும் எனக்கே ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டன. உண்மையில் அந்த மாதம் முழுக்க நான் கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

தலைவலிக்கு வைத்தியம் பார்ப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சங்ககிரி டாக்டர் சத்து ஊசி போட்டார். ஈரோட்டில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டபின் கரும்பலகை தெளிவாகத் தெரிந்தது, வலி அப்படியே இருந்தது. கடைசியில் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு தடவையும் கூடவே வருவார். வெயிலில் எனக்குக் குடை பிடிப்பார். சீட்டுக் கொடுக்கும் பெண் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றாள்.

சேலத்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"நோய்னு ஒண்ணும் இல்லம்மா. நரம்புதான் கொஞ்சம் பலவீனம். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றவர், சீட்டைக் கொடுக்கப் போய் நிறுத்திச் சொன்னார்: "வெளியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கும். மனோதத்துவம் படிக்குது. காரணம் தெரியாத வலியோட வர்ற பொம்பளைங்களப் பத்தி ஆராய்ச்சி. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்க."

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மடியில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட சைக்ளோஸ்டைல் தாள்கள், விரலில் மைக்கறை. ஊர் சேலம் பக்கம்தான் என்றும், மதராஸில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிந்திருப்பதாகவும் சொன்னாள். பேர் எழுத மாட்டாளாம், நம்பர் மட்டும்தானாம்.

தாளைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தாள். உறக்கமின்மை உண்டா. பசியின்மை உண்டா. காரணமின்றி அழுகை வருவதுண்டா. நெஞ்சுப் படபடப்பு உண்டா. நான் பிள்ளைகளைப் போல உண்டு, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தேநீர்க் கடையிலிருந்து இரண்டு தம்ளர்களோடு வந்து பத்தடி தள்ளித் தூண் பக்கம் நின்றார். எனக்கான தம்ளரை ஆறாமலிருக்க உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தார்.

அவள் தாளைத் திருப்பினாள். கடைசிக் கேள்வி அச்சில் இல்லை, மையால் எழுதியிருந்தது. குரலைத் தாழ்த்தி, "கணவர் எப்பவாவது உங்களை அடிச்சதுண்டா?" என்றாள்.

"இல்லைங்க."

அவள் எழுதவில்லை. பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "ஒரு தடவைகூட?"

"இல்லைங்க. அவுரு அப்புடியெல்லாம் இல்லைங்க."

எழுதிக்கொண்டாள். எழுந்தபோது ஒரு துண்டுச் சீட்டில் அயோத்தியாப்பட்டணத்து விலாசம் எழுதி என் கையில் வைத்தாள். "ஏதாவது ஞாபகம் வந்தா எழுதுங்க" என்றாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். பஸ்ஸில் அவர் கேட்டார், "அந்தப் புள்ள என்ன கேட்டுச்சு?"

"தூக்கம் வருதா, பசிக்குதான்னு கேட்டுதுங்க."

"வேற?"

"வேறொண்ணும் இல்லீங்க."

அன்றிலிருந்து அந்த 'இல்லை' என்னை விடவில்லை. அதற்கு முன்பு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவையெல்லாம் யாரும் கேட்காமல் நானாகச் சொன்னவை. எப்படி விழுந்தாய் என்று கேட்பார்களே தவிர, விழுந்தாயா என்று யாரும் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி அந்தக் கேள்வியை நேராகக் கேட்டாள், நான் இல்லை என்றேன். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் அவள் பேனா நின்ற இடம் கண்ணுக்குத் தெரியும். துண்டுச் சீட்டை மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் பழுப்பு அட்டைக்குள் செருகி வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து விலாசம் மனப்பாடமாகிவிட்டது.

கடிதம் எழுதத் துணிச்சலில்லை. பதில் வீட்டுக்கு வந்துவிடும். ஐந்தாறு மாதம் கழித்துச் சேலத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானமே விட்டுவிட்டார்கள். சங்ககிரி பஸ்ஸில் ஏற வேண்டியவள் ஆத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினேன்.  ஏதோ வேறு ஆளோடு ஓடிப்போகிறவளைப் போல முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவளுடைய அம்மா கதவைத் திறந்தார். மகளுக்குத் தெரிந்த யாரோ என்று நினைத்து உள்ளே உட்காரவைத்தார். அவள் வந்து என்னைப் பார்த்ததும் ஒரு கணம் யோசித்தாள். அடுத்த கணம் முகம் மாறிவிட்டது. அம்மாவிடம் காபி போடச் சொல்லிவிட்டு என்னைக் கொல்லைப்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே டிரங்குப் பெட்டி நிறையத் தாள்கள், கட்டுக் கட்டாகச் சணல் போட்டுக் கட்டியிருந்தன.

நின்றபடியே சொன்னேன். "நான் அன்னிக்குச் சொன்ன கடைசிப் பதில் தப்புங்க. அத மாத்தோணும்."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு கட்டைப் பிரித்துத் தேடி என் தாளை எடுத்தாள். கடைசிக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

"இதென்னங்க புள்ளி?"

"பதில் சொல்ல நேரம் எடுத்துக்கிட்டவங்களுக்கு வெச்சேன்க்கா. அது ஆராய்ச்சி முறையில கிடையாது. எனக்குன்னு வெச்சுக்கிட்டேன்."

கட்டைப் புரட்டிக் காட்டினாள். இல்லை, இல்லை, இல்லை. தாளுக்குத் தாள் அதேதான். முக்கால்வாசிக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி இருந்தது.  அந்தத் தாழ்வாரத்தில் அத்தனை பேர் ஒருவர் பின் ஒருவராக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் யாரையும் பார்த்ததில்லை.

"எங்க சாருக்கு இந்தக் கேள்வியே பிடிக்கல" என்றாள். "தலைவலிக்கும் குடும்ப விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்னார். நானா சேர்த்தேன். இப்போ எல்லாரும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. அப்போ சம்பந்தம் இல்லன்னுதான் நான் எழுதணும்."

"நாங்க சொன்ன பொய்யி புஸ்தகத்துல ஏறிருமுங்களா?"

"ஏறிடும்."

"அப்ப என் பதில மாத்தீருங்க."

அவள் என்னைக் கெஞ்சுவது போலப் பார்த்தாள். "ஒருத்தர் மட்டும் வீடு தேடி வந்து மாத்தினா அதை எடுத்துக்க முடியாதுக்கா. எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டிருக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. நாலு வருஷத்தில் யார்மேலும் வராத கோபம் அந்தச் சின்னப் பெண்மேல் வந்தது. "நீங்க கேட்டதே தப்புங்க" என்றேன். "பத்தடியில ஊட்டுக்காரர நிறுத்தி வெச்சுட்டுக் கேட்டா எவ சொல்லுவா? அதுவும் அடிச்சதுண்டான்னு. எங்க பக்கம் பொம்பளைங்க அடிச்சாருன்னு சொல்ல மாட்டாங்க. கோவத்துல கை நீண்டுருச்சும்பாங்க. ரெண்டு வெச்சுட்டாரும்பாங்க. அடின்னா அது ரத்தம் வரோணும், ஊரு கூடோணும். அப்புடித்தான் அவங்க நெனச்சுக்கறாங்க. நானும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க."

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "அப்போ எப்படிக் கேக்கணும்?"

காபி ஆறியது. நானும் அவளும் தரையில் உட்கார்ந்து எழுதி எழுதி அடித்தோம். முதலில் வீட்டில் யார் யார் என்று கேட்க வேண்டும். பிறகு வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். தட்டை எறிவாரா, பேசாமலிருப்பாரா, பிடித்துத் தள்ளுவாரா, முடியைப் பிடிப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அதற்கு மறுநாள் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். தலைவலி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மண்டையிடி என்று எழுதச் சொன்னேன். முக்கியமாக, ஆண்பிள்ளைகள் வராத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

"அப்படி ஒரு இடம் எங்கக்கா இருக்கு?" என்றாள்.

நான் யோசிக்காமல் சொன்னேன். "எங்க பள்ளிக்கூடம்."

ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். பயிற்சி தாமதமாக முடிந்தது என்றேன். அவர் நம்பினார். அன்றைக்கு அவர் என்னைத் தொடவில்லை. நான் மட்டும் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அந்த வருஷம் நாலைந்து சனிக்கிழமைகளில் அவள் சங்ககிரிக்கு வந்தாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளி. தாய்மார்களிடம் உடல்நலம் பற்றி ஒரு பெண் பேச வருகிறாள் என்று தலைமை ஆசிரியை அம்மாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. ரூமைப் பூட்டிச் சாவியைக் குடுத்துரு" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்களை நான் ஒருத்தி ஒருத்தியாக நிறுத்திக் கேட்டேன். லாரி டிரைவர்களின் மனைவிமார், டயர் கடைக்காரர்களின் மனைவிமார், குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்குப் போய் வருகிற ஒருத்தி. மண்டையிடி, நெஞ்சு அடைப்பு, சாப்பாடு இறங்காமை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி மாத்திரை தின்கிறவர்கள். எல்லாரும் வரவில்லை. வந்தவர்களில் ஒரு டிரைவரின் மனைவி, நல்ல உயரம், எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவள், அறை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்:

"ஏனுங் டீச்சர், அந்தப் புள்ள கேக்கறதுக்குப் பதில் சொன்னா மண்டையிடி போயிருமுங்களா?"

"போவாதுங்க."

"பொறவு எதுக்குங்க?"

 "எழுதி வெக்கறதுக்குங்க" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பிள்ளையின் பையைத் தடவிக்கொண்டு நின்றாள். "அப்பச் செரி. எழுதிக்கட்டும்" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது சிரிக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "வாரேனுங் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பள்ளி வாசலில் பார்க்கும்போது என்னைப் பார்க்காதது போலப் போவாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் தெரிந்துகொண்டேன் என்று அவள் நினைத்தாள்.

உள்ளே பேசுவது கேட்கக் கூடாது என்பதால் நான் மைதானத்துக் கோடியில் வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தி உள்ளே போய் அரைமணி நேரம் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்ததாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டாளாம்.

கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் போனபிறகு, "இப்போ உங்க முறை" என்றாள்.

சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றுவதிலிருந்து ஆரம்பித்தேன். கிணற்றடி வரைக்கும் சொன்னேன். அவள் நடுவில் ஒரு தடவை எழுதுவதை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. அவளை ஐந்தரை மணிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பியதும் அந்த நிறுத்தத்தில் நான் முன்பைவிடத் தனியாக இருந்தேன். அதுவரை யாருக்கும் தெரியாத விஷயம் அது. இப்போது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும், அவளும் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டிரைவர் ஆபீசில் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார், "உங்க ஊட்டம்மா பொம்பளைங்களுக்கெல்லாம் கச்சேரி வெச்சு நாயம் கேக்கறாங்களாமே" என்று. அவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக் கடிகாரத்தைக் கழற்றினார். மணிக்கட்டில் வெயில் படாத இடம் வெள்ளையாக இருந்தது.

"ஏனுங்க, நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டனுங்க" என்றேன். "எழுதியாச்சு."

அவர் கை நின்றது. "எம்பேர எழுதினாங்களா?"

"பேரு எழுத மாட்டாங்க. நம்பருதான்."

 பிறகு கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். நான் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடிகாரத்தைக் கழற்றாமலே என் வலது கையைப் பின்னால் முறுக்கினார். முழங்கைக்குக் கீழே எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், உடனே விட்டுவிட்டார். குடை எடுத்துக்கொண்டு அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

கட்டுப் போடும்போது அவரை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் சொன்னேன், "விழுகலைங்க. ஊட்டுக்காரர் முறுக்கிட்டாருங்க." டாக்டர் வயதானவர், நல்லவர்தான். பேனாவை எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். "விழுந்ததுன்னே எழுதிக்கறேன்மா. இல்லைன்னா கேஸ் கீஸுன்னு ஆயிப்போகும். நீயும் வேலைக்குப் போற பொண்ணு" என்றார். அப்படியே எழுதினார். உண்மையைச் சொல்வதற்கு எனக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. அது தாளில் ஏறாமல் போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கையைக் கழுத்தோடு துணித் தூளியில் போட்டுக்கொண்டு, அவர் மருந்து வாங்கப் போன சமயம், அங்கிருந்தே அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் மட்டும்தான் பேசினார். "கை கூடட்டும், நானே கொண்டுபோய் உட்டுட்டு வாரேன். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாரேன்" என்றார். அம்மா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். நிமிர்ந்து பார்க்காமல் ஊட்டினாள். ஒரு நாள் ஊட்டிக்கொண்டே, "உங்கய்யன் ஒரு நாளும் அப்புடிப் பண்ணதில்லை சாமி, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள். அவள் சொன்னதில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது அதுதான்.

மாறுதல் விண்ணப்பம் போட முடிவு செய்தேன். என்னால் எழுத முடியாது. பள்ளி விலாசத்துக்கு அந்தப் பெண் போட்டிருந்த கடிதத்தைத் தலைமை ஆசிரியை அம்மா ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். பதிலுக்கு, பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணை விட்டு நாலு வரி எழுதச் சொன்னேன். அடுத்த வாரமே அவள் வந்தாள். விண்ணப்பத்தை அவள் எழுத, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கே காலி இருந்தாலும் போதும் என்று எழுதச் சொன்னேன். அவள் இருக்கிற ஊர் என்பதால்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அப்பா வீட்டிலிருந்து சங்ககிரிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளிகளில் சத்துணவு வந்த வருஷம், ஒரு தகரப் பெட்டியும் படுக்கையுமாக அயோத்தியாப்பட்டணத்தில் போய் இறங்கினேன். அந்தப் பெண்ணின் அம்மா எனக்காக ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். ஆனால் அவள் இல்லை. அதற்கு முந்தின மாதம் கல்யாணமாகி பம்பாய் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகையைச் சங்ககிரி பள்ளி விலாசத்துக்குப் போட்டார்களாம், என் கைக்கு வந்து சேரவில்லை.

டிரங்குப் பெட்டி அந்தக் கொல்லை அறையிலேயே இருந்தது. அவள் அம்மா ஒரு நாள், "இதையெல்லாம் எரிச்சிடலாமா, வெச்சிருக்கணுமா, ஒண்ணும் சொல்லாம போயிட்டா" என்று என்னைக் கேட்டார். வைத்திருக்கச் சொன்னேன்.

பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆராய்ச்சியைச் சமர்ப்பித்துவிட்டாளாம். சங்ககிரியில் கேட்டதை முதலில் கேட்டவற்றோடு சேர்க்கக் கூடாது, முறை வேறு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். கடைசியில் பின்னிணைப்பாகப் போட அனுமதித்தாராம். 'நாம் இருவரும் எழுதிய கேள்விகள் அப்படியே இருக்கின்றன, மண்டையிடி என்ற சொல்லுக்கு அடிக்குறிப்புப் போட்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். தான் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரியும் எழுதவில்லை. நான் பதிலில் அதை மட்டும்தான் கேட்டேன். பிறகு கடிதம் வரவில்லை.

அந்த அறையில் பதினோரு வருஷம் இருந்தேன். முதல் வருஷம் சாயங்காலமானால் உடம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். வலி அப்படியே தொடர்ந்தது. அவரை விட்டு வந்தால் மறுநாளே போய்விடும் என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பு. இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையில் ஒன்றுமே இல்லை என்று திடீரென்று உறைத்தது. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. சொல்ல யாருமில்லை. அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கே பேச்சும் வேறு மாதிரி. நான் "ஊட்டுக்குப் போறனுங்க" என்றால் சக ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெறுப்பில் இல்லை, புதுசாக இருந்ததால். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். வெளியூரில் வேலை என்றேன்.

ஒரு நாள் அவர் வந்தார். மத்தியான இடைவேளை முடிகிற நேரம். வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை. தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஆயா வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. தலைமை ஆசிரியர் முகமெல்லாம் சிரிப்பாக, "என்னா டீச்சர், இவ்ளோ நல்ல மனுஷனைத் தனியா வுட்டுட்டு வந்திருக்கீங்க? கூப்புடத்தான் வந்திருக்கார். ஒண்ணா இருக்கறதுக்கு மாறுதல் கேட்டு நானே மேல எழுதித் தரேன்" என்றார்.

அவர் என்னைப் பார்த்து, "வா, உக்காரு" என்றார். அதே தாழ்ந்த குரல்.

 நான் அவரைப் பார்க்காமல் தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொன்னேன். "சார், இவுரு என் கைய முறிச்சவருங்க. வயித்துல இருந்த கொழந்தை போனதும் இவராலதானுங்க. நான் போவ மாட்டனுங்க."

 பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவது கேட்டது. தலைமை ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில், "நீங்க வகுப்புக்குப் போங்க டீச்சர்" என்றார். நான் திரும்பி நடக்கும்போது பின்னால், "ஐயா, பள்ளிக்கூட நேரம்... நீங்க கெளம்புங்க" என்று தலைமை ஆசிரியர் சொன்னது காதில் விழுந்தது.

அவர் போய்விட்டார். பழப்பையை மறந்தாரா வைத்துவிட்டுப் போனாரா தெரியாது, ஆயா அதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் வரவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும் நின்றுவிட்டது. நான் உள்ளே வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருவார்கள். மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பகல் சாப்பாட்டை என் வகுப்பறையிலேயே சாப்பிடப் பழகினேன். அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தால் விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்குவேன்.